வன்னியில் எடுத்த தடயம் பத்தரமுல்லை வரை கெடாமல் போக வேண்டுமென்றால்

பொலிஸ் தடயவியல் பிரிவுக்கு, நாங்கள் பேச்சில் சொகோ என்று சொல்லும் பிரிவுக்கு, புதிதாக வந்து வவுனியாவிலோ மன்னாரிலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ முதல் கடமை ஏற்கிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். பயிற்சியில் படித்தவை அத்தனையும் சரியானவை. ஆனால் கொழும்பில் ஒரு கத்தியை எடுத்தால் அன்று பின்னேரமே பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் கொடுத்துவிடலாம். முல்லைத்தீவில் எடுத்தால் இடையில் 300 கிலோமீற்றருக்கு மேல் தெரு கிடக்கிறது. நீதிமன்றக் கட்டளை எடுக்க வேண்டும், வாகனம் கிடைக்க வேண்டும், வெயிலைத் தாண்ட வேண்டும். நான் கண்ட அளவில், குற்றம் நடந்த இடத்தில் கெட்ட தடயத்தைவிட, நல்லபடி எடுத்த பிறகு எங்கள் கையில் இருந்து கெட்டதுதான் அதிகம்.

என்னுடைய கையிலும் ஒன்று கெட்டது. சேவையில் சேர்ந்து இரண்டாவது வருடம், சிறுபோக அறுவடை நேரத்தில் வாய்க்கால் தகராறு ஒன்று கத்திக்குத்தில் முடிந்தது. சந்தேகநபரின் சேட்டில் இரத்தம் இருந்தது. நன்றாகப் படம் எடுத்தேன், கையுறை போட்டேன், இலக்கம் போட்டேன். எல்லாம் செய்துவிட்டு, ஈரம் காயாத அந்தச் சேட்டைச் சொப்பிங் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, பொலிஸ் நிலைய அலுமாரியில் வைத்தேன். வாகனம் இல்லை, பிறகு விடுமுறை, பிறகு வேறொரு வழக்கு. மூன்று கிழமை கழித்துப் பையைத் திறந்தபோது உள்ளே முழுக்கப் பூஞ்சணம். ஆய்வில் எதுவும் சொல்ல முடியவில்லை. இறந்த பிள்ளையின் தாய் நீதிமன்ற வாசலில் என்னைப் பார்த்து, “தம்பி, அந்தச் சேட்டில என்ன இருந்தது எண்டு கடைசிவரைக்கும் தெரியாதோ?” என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் ஈரத் துணி எதையும் பிளாஸ்டிக்கில் போட்டதில்லை. நீங்கள் அந்தப் பாடத்தை இன்னொரு தாயிடம் கற்க வேண்டியதில்லை.

பெட்டி

ஒட்டுசுட்டானிலோ மல்லாவியிலோ இரவு இரண்டு மணிக்குக் கடை திறந்திருக்காது. அதனால் பெட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். மண்ணிறக் கடதாசிப் பைகள் மூன்று அளவில், கடித உறைகள், கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சிகள், காய்ச்சி வடித்த நீர், பெரிய வெள்ளைக் கடதாசித் தாள்கள், அட்டைப் பெட்டிகள், அளவுகோல், ரோர்ச், மேலதிக பற்றரி. கையுறையை நிறைய எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சோடி மாற்றினால் ஒரே இடத்தில் முப்பது சோடி முடிந்துவிடும். இவற்றோடு இன்னும் மூன்று சாமான்கள் அவசியம்: வர்ணம் நிரப்பாத புதிய தகர டின்கள் மூடியோடு, ஒரு ரெஜிபோம் பெட்டியும் ஐஸ் பொதிகளும், ஒரு தறப்பாளும் இரண்டு பிளாஸ்டிக் பேசினும். ஏன் என்று கீழே வரும்.

முதல் ஒரு மணித்தியாலம்

விழுந்து கிடப்பவருக்கு உயிர் இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. இருந்தால் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். தடயம் குழம்பினாலும் பரவாயில்லை. எந்த வழியால் தூக்கிக்கொண்டு போனார்கள், எதை நகர்த்தினார்கள் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது உங்கள் கால். சிவப்பு மண்டையோட்டுப் பலகை இருக்கிற காணிக்குள்ளோ, ஆள் புழங்காத பற்றைக்குள்ளோ படம் எடுக்கிற ஆர்வத்தில் இறங்காதீர்கள். 2009 இல் போர் முடிந்தாலும் வன்னி மண்ணுக்குள் இருக்கிற வெடிபொருட்கள் முடியவில்லை. குண்டு போல ஏதாவது கண்டால் தொடாமல், தூரத்தில் நின்று இடத்தைக் குறித்து, விசேட அதிரடிப்படையின் குண்டு செயலிழக்கும் பிரிவை அழைக்கச் சொல்லுங்கள். அதை அகற்றும்வரை அங்கே எங்களுக்கு வேலை இல்லை.

பிறகு நாடாவைக் கட்டி, உள்ளே போய்வர ஒரே ஒரு பாதையைத் தீர்மானியுங்கள். சந்தேகநபர் பாவித்திருக்கக்கூடிய பாதையாக அது இருக்கக் கூடாது. உள்ளே யார் வந்தாலும் பெயரும் நேரமும் எழுதப்பட வேண்டும். பொறுப்பதிகாரி வந்தாலும் எழுதுங்கள், அவர் கோபிக்க மாட்டார். ஊர்ச் சனத்தோடு கடுமையாக நடக்க வேண்டாம். எங்கள் ஊர்களில் இரத்தம் கிடக்கக் கூடாது என்று தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள், மண் போட்டு மூடுவார்கள், உடலுக்கு வீட்டுப் போர்வையைப் போர்த்துவார்கள். பாசத்தால் செய்வது அது. கிராம அலுவலரையோ ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவரையோ பக்கத்தில் நிறுத்தி, “ஐயா, இன்னும் ஒரு மணித்தியாலம் மட்டும் ஒருவரையும் விடாதேங்கோ” என்று சொன்னால் அவரே காவல் நிற்பார். போர்த்திய போர்வை இருந்தால் அதையும் தனியாக எடுத்து, யாருடையது என்று எழுதுங்கள். அதிலிருந்த நூலும் மயிரும் உடலில் ஒட்டியிருக்கும்.

படம் மூன்று தூரத்தில்: முழு இடம், பொருளும் அதன் சுற்றமும், பொருள் மட்டும். கடைசிப் படத்தை அளவுகோல் இல்லாமல் ஒன்று, அளவுகோலோடு ஒன்று, கமராவை நேர் செங்குத்தாகப் பிடித்து எடுக்க வேண்டும். பருமட்டான வரைபடத்துக்கு அசையாத இரண்டு புள்ளிகளிலிருந்து அளவெடுங்கள். கிணற்றுக் கட்டு, வீட்டு மூலை, மின்கம்பம் நல்லவை. வேலிக் கதியால் வேண்டாம், வழக்கு எடுக்கிற காலத்தில் அது இருக்காது.

எதை முதலில் எடுப்பது

எது முதலில் அழியுமோ அதை. ஐப்பசி முதல் மார்கழி வரை வானத்தைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். காலடித் தடம், ரயர்த் தடம், வெளியில் கிடக்கும் இரத்தம் மூன்றையும் மழை பத்து நிமிடத்தில் கொண்டுபோய்விடும். தடத்தின் மேல் பேசினைக் கவிழ்த்து, சுற்றி மண்ணால் சிறு வரம்பு கட்டினால் நேரம் கிடைக்கும். தறப்பாளை நேரடியாகத் தடத்தில் படுத்தாமல் நான்கு தடியில் தூக்கிக் கட்டுங்கள். கட்டாக்காலி மாடும் நாயும் மழையைப் போலத்தான். ஒருவர் காவலுக்கு வேண்டும்.

தடத்துக்கு அச்சு எடுக்க டென்டல் ஸ்டோன் என்ற மா, சாதாரண பிளாஸ்டர் மாவைவிட உறுதியானது. தடத்துக்குள் நேரே ஊற்றினால் மண் உடையும், ஓரத்தில் ஊற்றி வழிந்து போக விடுங்கள். அரை மணித்தியாலமாவது விட்டுத் தூக்குங்கள். ஒட்டியிருக்கிற மண்ணைக் கழுவ வேண்டாம். அச்சு தொட்டால் இறுகியது போல இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஒன்றிரண்டு நாள் காய்ந்த பிறகே அட்டைப் பெட்டியில் போடலாம்.

கைரேகைக்கு எதிரி எங்கள் வெயில். போத்தல், கத்தி போன்றவற்றை விளிம்பில் பிடித்து உடனே நிழலுக்குக் கொண்டுபோங்கள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடாப் போத்தலில் நீர் முத்து இருந்தால் துடைக்காமல் தானாகக் காயவிட்டுத்தான் தூள் போட வேண்டும்.

இரத்தமும் துணியும்

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். மரபணுவைக் கெடுப்பவை ஈரம், சூடு, வெயில், அவற்றோடு வருகிற கிருமியும் பூஞ்சணமும். இவை எல்லாம் எங்களுக்குத் தாராளமாகக் கிடைக்கின்றன. ஈரத் துணியைப் பிளாஸ்டிக்கில் கட்டி ஜீப்பின் பின்னால் போட்டால், கிருமிக்கு நாங்களே வீடு கட்டிக் கொடுக்கிறோம்.

தரையிலோ சுவரிலோ காய்ந்த இரத்தம் என்றால் பஞ்சுக் குச்சியில் ஒன்றிரண்டு துளி வடித்த நீர் விட்டு, சிறிய இடத்தில் ஒற்றி எடுங்கள். பெரிய இடத்தில் பரவித் தேய்த்தால் செறிவு குறைந்துவிடும். பக்கத்தில் கறை இல்லாத இடத்திலிருந்து இன்னொரு குச்சி எடுத்துத் தனி இலக்கம் போடுங்கள். அந்த இடத்தில் வழமையாக என்ன இருந்தது என்பதை ஒப்பிட அது தேவை. குச்சிகள் காய்ந்த பிறகே உறைக்குள் போக வேண்டும். உறையை நாக்கால் நனைத்து ஒட்டாதீர்கள், உங்கள் உமிழ்நீரும் ஆய்வுக்குப் போய்விடும்.

ஈரத் துணியை எடுத்த இடத்திலிருந்து பொலிஸ் நிலையம் வரை கொண்டுபோக மட்டும், வேறு வழியே இல்லையென்றால், கடதாசியில் சுற்றித் திறந்த பேசினில் வைத்துக் கொண்டுபோகலாம். போனவுடன் பூட்டுகிற அறை ஒன்றில், வெயில் படாமல், சுத்தமான வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் விரித்துப் போடுங்கள், அல்லது தாளுக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிடுங்கள். மின்விசிறியை நேரே துணிமேல் திருப்ப வேண்டாம். கோடையில் ஒரு இரவு போதும், மாரியில் இரண்டு நாளும் ஆகலாம். கையால் தொட்டுப் பார்த்து, மடிப்பிலும் தையலிலும் ஈரம் இல்லையென்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். கறையோடு கறை ஒட்டாதபடி நடுவில் தாள் வைத்து மடியுங்கள். கீழே விரித்த தாளையும் மடித்து அதே இலக்கத்தில் சேருங்கள், துணியிலிருந்து விழுந்த மயிர் அதில் இருக்கும்.

எறும்பை மறக்காதீர்கள். இரத்தத் துணியை ஒரு இரவு மேசையில் விட்டால் விடிய வரிசையாக நிற்கும். வீடுகளில் சாப்பாட்டு அலுமாரிக்குச் செய்வது போல மேசையின் நான்கு காலையும் தண்ணீர்ச் சிரட்டையில் வையுங்கள். மருந்து அடிக்கக் கூடாது, அது தடயத்திலும் படும். கடதாசிப் பைக்குக் கறையான் இன்னொரு ஆபத்து. சீமெந்துத் தரையில் பைகளை அடுக்கி வைத்த ஒரு அறையில் பை இருந்த இடத்தில் மண் புற்று மட்டும் இருந்ததைக் கண்டிருக்கிறேன். பைகளை இரும்பு ராக்கையில், சுவரில் முட்டாமல் வையுங்கள்.

இறந்தவரின் உடையும் சந்தேகநபரின் உடையும் ஒரே அறையில் காயக் கூடாது. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டையும் கையாளாமல் இருப்பது இன்னும் நல்லது. ஒரே ஜீப்பில் சந்தேகநபரையும் இறந்தவரின் துணியையும் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள். பதவியில் கீழ் என்று தயங்க வேண்டாம். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி நீதிமன்றத்தில் கேட்கிற முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

வைத்தியசாலையில் எடுத்த திரவ இரத்தம் வேறு வகை. மரபணுவுக்கு ஊதா மூடிக் குழாய், மதுவோ நஞ்சோ பார்க்கச் சாம்பல் மூடிக் குழாய். இரண்டும் 4 பாகை செல்சியஸ் அளவில் குளிரில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. ரெஜிபோம் பெட்டியும் ஐஸ் பொதியும் இதற்குத்தான். குழாய் ஐஸில் நேரே படாமல் துணி சுற்றி வையுங்கள்.

பாலியல் வன்முறை வழக்குகளில் அந்தப் பெண்ணின் அல்லது பிள்ளையின் உடலிலிருந்து மாதிரி எடுப்பது சட்ட வைத்திய அதிகாரி. எங்கள் வேலை இடமும் படுக்கையும் உடையும். ஆனால் நேரம் ஓடுவதை அங்கே முதலில் உணர வேண்டியவர்கள் நாங்கள்தான். 72 மணித்தியாலத்துக்குள் பரிசோதனை நடந்தால் பயன் அதிகம். அதைத் தாண்டினாலும் கட்டாயம் வைத்தியரிடம் போக வேண்டும். உட்கிராமத்திலிருந்து வருகிறவருக்குப் பஸ் இல்லை என்ற காரணத்தால் ஒரு நாள் போகக் கூடாது. சிறுவர், பெண்கள் பணியகப் பொலிஸாரோடு பேசி வாகனத்தை ஒழுங்கு செய்யுங்கள். நடந்ததை எங்களுக்கும் ஒருமுறை சொல்லச் சொல்லாதீர்கள்.

கடதாசி கூடாத சாமான்கள்

கடதாசி என்ற விதியை எல்லாவற்றுக்கும் போட்டால் தீவைப்பு வழக்கு போய்விடும். பெற்றோல், மண்ணெண்ணெய் ஊற்றிய இடத்தின் சாம்பலும் மண்ணும் கடதாசியில் வைத்தால் ஆவியாகிப் போகும், சாதாரணப் பிளாஸ்டிக் பையிலும் ஊடுருவிப் போகும். அதற்குத்தான் தகர டின். முக்கால்வாசி நிரப்பி, மூடியை அழுத்தி மூடுங்கள். எரியாத பக்கத்து இடத்து மண்ணும் ஒரு டின்னில் வேண்டும். உங்கள் ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஊற்றிய கையோடு இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

கசிப்பு என்ற கள்ளச் சாராயம், அதைக் காய்ச்சப் புளிக்க வைக்கிற கோடா, நஞ்சு ஆகியவற்றைக் கண்ணாடிப் போத்தலில் இறுக்கி மூடி, நிமிர்த்தி, இரத்தத் தடயங்களிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். பச்சைக் கஞ்சாச் செடி மட்டும் திரும்பவும் கடதாசிக்கு வரும், பிளாஸ்டிக்கில் அழுகிவிடும். போதைப்பொருளைச் சந்தேகநபர் பார்க்க எடை போட்டு, பார்க்கவே முத்திரையிட்டு, முத்திரையில் அவருடைய பெருவிரல் அடையாளத்தையும் எடுங்கள்.

வன்னியில் நீங்கள் அதிகம் காணப்போவது குழல்வாயால் மருந்து இடிக்கிற இடியன் துவக்கும், கயிறு இழுபட்டால் வெடிக்கக் காட்டுப் பக்கத்தில் கட்டி வைக்கிற கட்டுத்துவக்கும். கட்டுத்துவக்கு ஒன்று வெடித்த இடத்தில் இன்னொன்று கட்டியிருக்கலாம். கயிற்றைத் தேடி, பார்த்து நடங்கள். துவக்கு மருந்து போட்டபடியே இருக்கிறது என்று நினைத்தே தொட வேண்டும். குழலுக்குள் பேனையோ குச்சியோ விட்டுத் தூக்காதீர்கள். பாதுகாப்பாக்கத் தெரிந்தவர் பாதுகாப்பாக்கிய பிறகு, துடைக்காமல், அட்டைப் பெட்டியில் அசையாதபடி கட்டி அனுப்ப வேண்டும். சுட்டவர் என்று சந்தேகிக்கப்படுபவரின் கையிலுள்ள மருந்துத் துகள் சில மணித்தியாலங்களில் உதிர்ந்துவிடும். கை கழுவ விடுவதற்கு முன்பே எடுங்கள். இறந்தவர் என்றால் இரு கைக்கும் கடதாசிப் பை கட்டுங்கள்.

கைத்தொலைபேசி சிறிய விடயம் போலத் தெரியும். இயங்கிக்கொண்டிருந்தால் திரையைப் படம் எடுத்து, வலையமைப்பிலிருந்து துண்டித்து, நேரத்தை எழுதுங்கள். அணைந்திருந்தால் இயக்க வேண்டாம். உள்ளே தேடிப் பார்ப்பது எங்கள் வேலை இல்லை.

எலும்பு கண்டால்

2023 ஜூன் 29 அன்று கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோதுதான் அங்கிருந்த மனிதப் புதைகுழி தெரியவந்தது. பெக்கோ தோண்டுகிற இடத்தில் எலும்பு தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்துங்கள், அள்ளிய மண்ணைக் கொட்டிய இடத்திலேயே விடுங்கள், ஒரு எலும்பையும் தூக்காதீர்கள். நீதவானுக்கு அறிவித்து, அவர் கட்டளைப்படி சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் வரும்வரை காவலும் தறப்பாளும் மட்டும்தான் எங்கள் பங்கு. எந்தப் பொத்தான் எந்த எலும்போடு, எந்த மண் அடுக்கில் இருந்தது என்பதுதான் அங்கே தடயம். தனியாக எடுத்த பொத்தான் வெறும் பொத்தான்.

மன்னாரில் சதொச என்ற அரச விற்பனை நிலைய வளாகத்தில் 2018 இல் தொடங்கிய அகழ்வில் 300 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. தெரிந்தெடுத்த மாதிரிகள் காலக்கணிப்புக்காக அமெரிக்காவின் புளோரிடா வரை போயின. 2019 இல் வந்த அறிக்கை 1404 முதல் 1635 வரையான காலத்தைச் சொன்னது. அதை ஏற்றவர்களும் இருந்தார்கள், ஏற்க முடியாத உறவுகளும் இருந்தார்கள். காணாமல் போன பிள்ளையின் படத்தைப் பிடித்தபடி வெளியே நிற்கிறவர் எந்த முடிவையும் நம்ப வேண்டுமானால், எடுத்தது எங்கே, பொதி செய்தது யார், கொண்டுபோனது யார் என்ற பதிவில் ஒரு வரிகூடக் குறையக் கூடாது.

எழுத்து

ஒவ்வொரு பொதியிலும் வழக்கின் அடையாளம், பொருள் இலக்கம், என்ன பொருள், எங்கே, எந்தத் திகதி எந்த நேரம், எடுத்தவர் யார். உள்ளே பொருளைப் போடுவதற்கு முன்பே வெளியில் எழுதுங்கள். போட்ட பிறகு அழுத்தி எழுதினால் உள்ளே இருப்பது சேதமாகும். வாய் மூடிய இடத்தில் நாடா ஒட்டி, நாடாவும் பையும் சேர்கிற இடத்தில் கையெழுத்து, அதன்மேல் முத்திரை.

எங்கள் பகுதியில் மொழி தனிச் சிக்கல். இடத்தில் ஒருவர் தமிழில் எழுதுவார், பொலிஸ் நிலையத்தில் ஒருவர் சிங்களத்தில் எழுதுவார், அனுப்புகிற கடிதம் ஆங்கிலத்தில் போகும். முதலில் ‘நீலக் கோட்டுச் சாரம்’, பிறகு ‘துணி’, பிறகு ‘போர்வை’ என்று ஒரே பொருள் மூன்று பெயரோடு போய்ச் சேர்ந்தால் அது ஒரே பொருள்தானா என்று கேட்பார்கள். ஊர்ப் பெயரும் அப்படித்தான். சான்றுப் பொருள் பதிவேட்டில் விழுகிற பீ.ஆர். இலக்கத்தை எல்லா மொழிப் பதிவிலும் முதலில் எழுதுங்கள். மூன்று கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை வாசியுங்கள். பத்து நிமிட வேலை.

பொருளை ஒப்படைத்தவர், பெற்றவர், நேரம், முத்திரையின் நிலை என்ற நான்கும் ஒவ்வொரு கைமாற்றத்திலும் வேண்டும். பெரேரா எதிர் சட்டமா அதிபர் என்ற, 1998 இன் இலங்கைச் சட்ட அறிக்கையில் வெளியான போதைப்பொருள் வழக்கில், பொருள் பகுப்பாய்வாளரிடம் போய்ச் சேரும் உள்நோக்கிய பயணம்தான் மிக முக்கியமானது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பொருளில் கைவைக்க வாய்ப்பு இருந்தது என்ற சந்தேகம் அந்தப் பயணத்தில் வரக் கூடாது. நீங்கள் சாட்சிக் கூண்டில் நிற்பது பல வருடம் கழித்து. அன்றைக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கப்போவது நீங்கள் எழுதி வைத்தது மட்டும்தான்.

அனுப்புதல்

துணி காய்கிற நேரத்திலேயே நீதிமன்ற அலுவலைத் தொடங்குங்கள். காய்ந்த பிறகு கட்டளை எடுப்போம், கட்டளை வந்த பிறகு வாகனம் கேட்போம் என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் செய்தால் இரண்டு கிழமை போய்விடும். விசாரணை அதிகாரி நீதவானுக்கு அறிக்கை கொடுக்கும்போதே, எந்தப் பொருளில் என்ன கேள்விக்கு விடை வேண்டும் என்று நீங்கள் எழுதிக் கொடுங்கள். ‘பரிசோதித்து அறிக்கை தரவும்’ என்று மட்டும் போனால் ஆய்வாளருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. ‘இந்தக் கத்தியில் மனித இரத்தம் உள்ளதா, அது இன்னாருடையதா’ என்று கேட்க வேண்டும். ஒப்பிடுவதற்கான இரத்த மாதிரியும் அதே பயணத்தில் போனால் இன்னொரு மாதம் மிச்சம்.

கலண்டரைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்கிற பயணத்தைத் தொடங்காதீர்கள். போயா நாள், சித்திரைப் புத்தாண்டு இரண்டையும் முன்கூட்டியே குறித்து வையுங்கள். நான் விடிய இரண்டு மணிக்கு வெளிக்கிடுவேன். ஏ-9 இல் வவுனியா தாண்டும்வரை குளிர்ச்சி இருக்கும், அலுவலகம் திறந்து கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரலாம். சாமான் முன்பக்கத்தில், எங்கள் கண் பார்க்க. தேநீருக்கு நிறுத்தினாலும் ஒருவராவது வாகனத்திலேயே இருக்க வேண்டும். வெயிலில் கண்ணாடி மூடி நிறுத்திய வாகனத்தின் உட்சூடு ஒரு காய்ந்த கறையையும் கெடுக்கும், ஐஸ் பெட்டியையும் உருக்கிவிடும்.

அங்கே ஒப்படைக்கும்போது அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு பொதியின் முத்திரையும் மாதிரி முத்திரையோடு ஒத்திருக்கிறதா என்று அவர்கள் பார்க்கும்வரை நின்று, ஏற்றுக்கொண்ட பற்றுச்சீட்டில் இலக்கமும் எண்ணிக்கையும் சரியா என்று அங்கேயே வாசியுங்கள். ஒரு பொதியைத் திருப்பினால் என்ன காரணம் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். கைரேகை மட்டும் தனி வழி, அது கைவிரல் அடையாளப் பதிவாளரிடம் போகும். அதையும் அதே பயணத்தில் முடித்துவிட்டால் நல்லது.

திரும்பி வந்தவுடன் பற்றுச்சீட்டைப் பதிவேட்டில் சேர்த்து, நீதிமன்றத்துக்கும் அறிவியுங்கள். அறிக்கை வந்து பொருள் திரும்பினாலும் மேன்முறையீடு முடியும்வரை அதற்கு அதே ராக்கை, அதே கறையான் காவல். அன்றைக்கே பெட்டியில் குறைந்ததை நிரப்பி வையுங்கள். தகர டின்தான் முதலில் முடியும்.